பதினாறு மூளைக்குள் ஓர் ‘அவர்களே’ நெரிசல்

விழாவின் தலைமைப் பொறுப்பைத் தாங்கி, தாங்கிய களைப்பிலே சற்றே கண்ணயர்ந்து, என் குரல் கேட்டு இப்போது நிமிர்ந்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் அவர்களே! பருத்தி விளைந்த கரிசல் மண்ணிலே ஒச்சாயி அம்மாள் பொறியியல் கல்லூரியை எழுப்பி, ஆண்டுதோறும் பொறியாளர்களை அறுவடை செய்துவரும் தாளாளர், அண்ணன் முத்திருளன் அவர்களே! அண்ணன் எழுந்தால் எழுந்து, அண்ணன் அமர்ந்தால் அமர்ந்து, அண்ணன் தும்மினால் தம் சட்டைப் பையிலே கைக்குட்டை தேடும் கல்லூரி முதல்வர் அவர்களே! துறைத் தலைவர்களே, துணைத் தலைவர்களே, இருவருக்கும் நடுவிலே நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் பேராசிரியப் பெருமக்களே! சுற்று வட்டாரத்துப் பெரியோர்களே! கல்லூரிப் பேருந்து ஏற்றி வந்ததால் வந்து, அதே பேருந்து திரும்பக் கொண்டுபோய் விடும் என்ற நம்பிக்கையிலே அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! வந்தால்தான் வருகைப்பதிவு என்று சொன்னதால் பொங்கிவந்த மாணவச் செல்வங்களே! மைக்செட் போட்டிருக்கும் தம்பி சோலை அவர்களே! பந்தல் போட்டவர் அவர்களே! பந்தலுக்குள் நுழைந்து பின்வரிசையிலே படுத்திருக்கும் நாயார் அவர்களே!

மாணவர் பக்கத்திலே என்ன தம்பி? “அக்கா, விஷயத்துக்கு வாங்க”ன்னா சொல்ற? வாரேன்ப்பா, வாரேன். எனக்கு முன்னே பேசியவர்கள் அத்தனை பேரும் இதே வரிசையை ஒருவர் விடாமல் சொன்னபோது பொறுத்துக்கொண்ட நீ, பாண்டீஸ்வரி சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டாயா? இந்த ‘அவர்களே’க்களைக் கொஞ்சம் நினைவிலே வைத்துக்கொள். என் பேச்சின் சூட்சுமம் அதிலேதான் இருக்கிறது.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு சொல். பகலிலே ஆனையூர்ப் பள்ளியிலே தமிழ் ஆசிரியை, மாலையிலே மேடை கிடைத்தால் பேச்சாளர். கோயில் கொடை, கடைத் திறப்பு, காதணி விழா எதுவாயினும் சரி, பொருளைச் சொன்னால் பேசுவேன். சென்ற வாரம் முதல்வர் ஐயா தொலைபேசியிலே அழைத்து, “பதினாறு மூளை உள்ள சிப்பை நம்ம கல்லூரி கண்டுபிடிச்சிருக்கு. நீங்க வந்து புகழணும்” என்றார். புகழ்வதற்கு எனக்கென்ன கசக்கிறதா? ஒரு மூளை உள்ள மனிதரையே நான் ஒரு மணி நேரம் புகழ்ந்திருக்கிறேன்!

மறுநாள் பழங்காநத்தம் ரவுண்டானாவிலே பேருந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் வானளாவிய ஒரு பிளக்ஸ் பேனர். அதிலே அண்ணன் முத்திருளன் முகம், நிலவைப் போலப் பெரியதாக. பக்கத்திலே கட்டில் அகலத்துக்கு ஒரு சிப். கீழே ஓரத்திலே, தபால்தலை அளவிலே, கண்ணாடி போட்ட ஒரு பெண். “பதினாறு மூளைச் சில்லைப் படைத்த எங்கள் விரிவுரையாளர் ஹம்சவேணியே, வாழ்க!” படைத்தவள் தபால்தலை, படைக்கச் சம்பளம் கொடுத்தவர் பௌர்ணமி. மதுரையிலே பேனர் இலக்கணம் அதுதான், அதிலே எனக்குக் குறையில்லை.

ஆனால் பாருங்கள், எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கண்ணால் பார்க்காததைப் புகழ மாட்டேன். ஆகவே பேருந்தை விட்டு இறங்கி, வேறு பேருந்து பிடித்து, நேரே இந்தக் கல்லூரிக்கு வந்தேன். ஆய்வுக்கூடத்திலே அந்தப் பெண் கணினி முன்னே உட்கார்ந்திருந்தாள்.

“அம்மாடி, அந்தச் சிப்பை எடு, ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிறேன்” என்றேன்.

“சிப்பு இல்லக்கா” என்றாள்.

“இல்லையா? பூட்டி வச்சிருக்காகளா?”

“இல்லக்கா, செய்யவே இல்ல.”

எனக்குத் தலை சுற்றியது, சபையோரே! இல்லாத கடவுளைக் கூட வாதாடி நிறுத்தியிருக்கிறேன், செய்யாத சிப்பை எந்த வாயால் புகழ்வேன்? அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

“சிப்பு செய்யணும்னா கோடி கோடியா ஆகும்க்கா. செஞ்ச பெறகு ஓடலைன்னா குப்பைதான். அதனால, செய்றதுக்கு முன்னாடி, அப்பிடி ஒரு சிப்பு இருந்தா எப்படி நடந்துக்கும்னு கம்ப்யூட்டருக்குள்ளயே நடத்திப் பாக்குறது. இதுக்கு சிமுலேட்டர்னு பேரு. அதைத்தான் நான் எழுதியிருக்கேன்.”

“அப்ப, இது பாவ்லா?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபிக்கவில்லை, சிரித்தாள். “பாவ்லாதான்க்கா. ஆனா பொய் சொல்லாத பாவ்லா.”

பொய் சொல்லாத பாவ்லா! மெய்யாகவே கேட்கிறேன், மேடைகளிலே இத்தனை காலம் நின்றவள் கேட்கிறேன், நம் ஊரிலே அப்படி ஒன்றைக் கண்டதுண்டா? தேர்தல் பாவ்லா கண்டோம், திறப்பு விழா பாவ்லா கண்டோம், மாப்பிள்ளை வீட்டார் பாவ்லா கண்டோம். மெய் பேசும் பாவ்லாவைக் கண்டோமா? எனக்கு ஆவல் பொங்கியது. “சொல்லும்மா, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு” என்றேன்.

சொன்னாள். ஒரு சிப்புக்குள்ளே பதினாறு மூளைகள். எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தொலைவிலே ஒரு பெரிய நினைவுக் கிடங்கு. ஒவ்வொரு தேவைக்கும் கிடங்குக்கு ஓடிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆகவே ஒவ்வொரு மூளைக்கும் மடியிலே ஒரு சின்னச் சுருக்குப் பை. அடிக்கடி வேண்டியதை நகலெடுத்து அதிலே போட்டுக்கொள்ளும். அந்தப் பைக்கு ஆங்கிலத்திலே கேஷ் என்று பெயர். இதை அவள் தாளாளரிடம் விளக்கியபோது, “பதினாறு மூளைக்கும் பதினாறு கேஷா? நம்ம கல்லூரி தாங்காதும்மா, செக்கா குடுக்கலாம்” என்று அண்ணன் சொன்னாராம். சிரிக்காதீர்கள்! ஒரு தாளாளருக்கு அந்தச் சொல் வேறெப்படிக் காதில் விழும்?

நகல் இருக்கிறதே, அங்கேதான் வில்லங்கம். ஒரு மூளை தன் பையிலே உள்ளதை மாற்றிவிட்டால், மற்றப் பதினைந்தின் பையிலும் இருப்பது பழசு. பழசு என்பதே அவற்றுக்குத் தெரியாது!

இது எனக்கு உடனே விளங்கியது. ஏன் தெரியுமா? எங்கள் ஜெயக்கொடி மாமாவால்தான். என் தங்கை மகளுக்குக் காதணி விழா. எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால், தாய்மாமன் முறைக்கு ஜெயக்கொடி மாமாதான் மடியிலே உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். கடைசி நேரத்திலே மண்டபத்தில் தண்ணீர் இல்லை என்று வேறு மண்டபத்துக்கு மாற்றினோம். ஊரெல்லாம் சொன்னோம், மாமாவுக்குச் சொல்ல மறந்தோம். மாமா பழைய பத்திரிகையைப் பார்த்தபடி கொட்டுமேளம், வாணவேடிக்கை, தாம்பூலத் தட்டு, ஆட்டுக்கிடாய் சகிதம் பழைய மண்டபத்துக்குள் நுழைந்தார். அங்கே வேறு யார் வீட்டுக்கோ காதணி விழா. அவர்களும், “வாங்க மாமா, வாங்க! எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டிருக்கோம்” என்று பிள்ளையைத் தூக்கி மடியிலே வைத்துவிட்டார்கள். குத்தியாயிற்று! இன்றுவரை அந்தப் பிள்ளைக்கு ஜெயக்கொடி மாமாதான் தாய்மாமன், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கையிலே பழைய நகல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே, ஒரு மூளை எதையாவது மாற்றும் முன்னே மற்ற அத்தனைக்கும் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? இந்தப் பெண் முதலிலே செய்து பார்த்த வழி, நம் எல்லோருக்கும் மிகப் பழக்கமான வழி. எல்லாரையும் விளிப்பது! “முதலாம் மூளை அவர்களே, இரண்டாம் மூளை அவர்களே, மூன்றாம் மூளை அவர்களே, என்னிடம் உள்ளதை மாற்றப்போகிறேன், உங்களிடம் உள்ளதை அழித்துவிடுங்கள்.” பதினைந்து பேரும் பதில் சொல்ல வேண்டும்: “ஆகட்டும் அவர்களே!” அதற்குள்ளே இன்னொரு மூளை தன் விளிப்பைத் தொடங்கும். அத்தனை ‘அவர்களே’க்களும் சிப்புக்குள்ளே இருக்கும் தலைமுடியினும் மெல்லிய சந்துகளின் வழியே போக வேண்டும், அத்தனை ‘ஆகட்டும்’களும் அதே சந்துகளின் வழியே திரும்ப வேண்டும்.

திரையிலே அந்தச் சந்துகளைக் கோடுகளாக வரைந்து வைத்திருந்தாள். நான்கு மூளை ஓடியபோது எல்லாம் பச்சை. எட்டு மூளை ஓடியபோது மஞ்சள். பதினாறையும் ஓடவிட்டாள். சிவப்பு, சிவப்பு, எங்கு நோக்கினும் சிவப்பு! சித்திரைத் திருவிழா அன்று தல்லாகுளத்திலே கார் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு அந்தச் சிவப்பு தெரியும். ஒருவர் வழிவிட்டால் நான் போவேன் என்று இவர் நிற்க, இவர் போனால் நான் நகர்வேன் என்று அவர் நிற்க, ஆக மொத்தம் எல்லோரும் நிற்க.

“அப்ப வேலை எப்பம்மா நடக்கும்?” என்றேன்.

“வேலை எங்கக்கா நடக்குது? ஒன்னையொன்னு கூப்பிட்டு முடிக்கவே நேரம் சரியாப் போகுது. நாலு மூளை சிப்பே இதைவிட வேகமா ஓடுது. போட்டுப் பாத்ததும் நானே நம்பல. திரும்பத் திரும்பப் போட்டேன், அதேதான் வந்துச்சு.”

சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். “கோவிச்சுக்காதீங்கக்கா. போன வருச ஆண்டு விழாவுல மேடையில உக்காந்திருந்தப்பதான் எனக்கு இது வெளங்குச்சு.”

தம்பி, “விஷயத்துக்கு வாங்க” என்றாயே, வந்துவிட்டேன்! அந்தச் சிப்பு வேறெதுவும் இல்லை, இந்த மேடைதான்! மேடையிலே இருப்போர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். ஒவ்வொருவரும் எழுந்து மற்ற எல்லோரையும் விளிக்க, விளிக்கப்பட்ட ஒவ்வொருவரும் எழுந்து, விளித்தவரையும் சேர்த்து விளிக்க, சூரியன் நாகமலைக்குப் பின்னே போய்விட்டான், விழா நாயகி இன்னும் ஒரு சொல் பேசவில்லை. கணினிக்குள்ளே நடந்தது பாவ்லா, இங்கே நடப்பது நிஜம். நிஜத்தைவிடப் பாவ்லா மெய்யாக இருந்தது, சபையோரே!

அப்படியானால் பதினாறு மூளை வீணா? இல்லை என்கிறாள். நடுவிலே ஒரு விவர மேசை போடுவாளாம். எந்த நகல் எவர் பையில் இருக்கிறது என்று அந்த மேசைக்குத் தெரியும். மாற்ற நினைக்கும் மூளை ஊரைக் கூட்ட வேண்டாம், மேசையிலே கேட்டால் போதும். யாரிடம் பழைய நகல் இருக்கிறதோ, அவருக்கு மட்டும் செய்தி போகும். இருப்பது இருவரிடம் என்றால் இரண்டே செய்தி. சிவப்பு மஞ்சளாகிறது, மஞ்சள் பச்சையாகிறது. “இது இன்னும் முழுசாச் சோதிக்கலக்கா, இப்போதைக்குச் சொல்லிக்கக்கூடாது” என்றாள். இந்த மாவட்டத்திலே, இந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டிலே, ‘இப்போதைக்குச் சொல்லிக்கக்கூடாது’ என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. “சுருக்கவும்.” நல்லது. விளிப்புகளைச் சுருக்கச் சொல்லி ஒருவருக்கும் சீட்டு வரவில்லை, விஷயம் வந்ததும் சீட்டு வந்துவிட்டது. சுருக்குகிறேன்.

அன்று ஆய்வுக்கூடத்திலே எழுந்திருக்கும்போது கேட்டேன், “அப்ப அந்தப் பேனரு?”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் இருண்டது. “அலுவலகத்துல சொன்னேன்க்கா, ‘பேனருக்கு அதெல்லாம் பாக்கக்கூடாது’ன்னுட்டாங்க. என் ஆய்வேட்டைத் திருத்த வெளியூர்ப் பேராசிரியருங்க வருவாங்க. ரவுண்டானாவுல இதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க? செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றவ, செஞ்சதை மட்டும் ஒழுங்காவா செஞ்சிருப்பான்னு நெனைப்பாங்க. சிமுலேட்டர்ல வந்த நம்பரை யாருமே கண்ணால பாக்க முடியாதுக்கா. என் வார்த்தையை நம்பித்தான் அதை நம்பணும். வார்த்தை போச்சுன்னா எல்லாம் போச்சு.”

திரையை அணைத்துவிட்டு, “எங்கம்மா வேற தெரு பூராவும் சொல்லிட்டாங்க. மேடையில எனக்குப் பேச்சு கெடையாது, பொன்னாடையை வாங்கிக் கும்பிட்டாப் போதும்னு சொல்லியிருக்காங்க. நீங்க பேசுறப்ப, சிப்பு செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது போதும்க்கா” என்றாள்.

புகழ வந்தவளிடம் ‘புகழாதே’ என்று கும்பிட்ட பெண்ணை நான் இதுவரை கண்டதில்லை. புகழாதே என்றவளைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வேன்?

ஆனால் இந்த மேசையிலே ஒரு நீல வெல்வெட் பெட்டி இருக்கிறது. “உலகமே தேடும் சிப் இதனுள்ளே” என்று சற்று முன்னே தொகுப்பாளர் முழங்கினார், நீங்களும் கைதட்டினீர்கள். செய்யாத சிப் பெட்டிக்குள்ளே எப்படி வந்தது? திறக்கட்டுமா? அண்ணன் வேண்டாம் என்று சைகை செய்கிறார். திறக்கட்டுமா, தாய்மார்களே? திறந்துவிட்டேன்! ஆகா, அரைத் தீப்பெட்டி அகலம், அடியிலே ஊசி ஊசியாகக் கால்கள். நெற்றியிலே வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். ஓரத்திலே ஒட்டடை.

என்ன சத்தம் அங்கே? எழுந்து நின்று சொல் தம்பி! “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கழட்டினது”ன்னா சொல்ற? “அதான் போனஃபைடு சர்டிபிகேட் கேட்டா நாளைக்கு வா, நாளைக்கு வான்னாங்களா”வா? அடப்பாவமே! இல்லாத பதினாறு மூளைக்காக, இருந்த ஒரு மூளையையும் பிடுங்கிவிட்டீர்களே முதல்வர் அவர்களே!

சிரித்தது போதும். அண்ணன் முத்திருளன் அவர்களே, என் மேல் கோபம் வரும், வரட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். சிப் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளக் கல்லூரிகள் ஆயிரம் உண்டு. கோடிகளைக் கொட்டிச் செய்தபின் முடங்கிப் போகும் ஒன்றை, செய்யும் முன்பே ‘இது முடங்கும்’ என்று கண்டு சொன்ன பெண் எத்தனை கல்லூரியிலே உண்டு? உங்கள் கல்லூரியிலே உண்டு! அதைப் பேனர் போடாமல், இல்லாததைப் போட்டீர்களே, இது நியாயமா?

ஹம்சவேணி, இங்கே வாம்மா. நிரலிலே உன் பெயர் இல்லை, என் நேரத்திலே மிச்சம் இருக்கிறது, பிடி மைக்கை. சோலை தம்பி, சத்தத்தைக் கூட்டு. ... “விழாத் தலைவர் அவர்களே”யா? வேண்டாம்மா! அந்தச் சந்துக்குள்ளே நீயும் போகாதே. நேரே சொல்.

கேட்டீர்களா சபையோரே? “நான் சிப்பு செய்யலைங்க. செஞ்சா பதினாறும் ஒன்னையொன்னு கூப்பிட்டே நின்னு போகும்னு கண்டுபிடிச்சேன். நிக்காம இருக்க ஒரு வழி பாத்திருக்கேன், இன்னும் சோதிக்கணும்.” முடிந்துவிட்டது! விளிப்பு இல்லை, விம்மல் இல்லை, ஒரு மூச்சிலே ஒரு பேச்சு. நான் பேசியது இத்தனை நேரம், அவள் சொன்னது அவ்வளவுதான்.

அண்ணே, பொன்னாடை இன்னும் உங்கள் கையிலேதான் இருக்கிறது. சிப்புக்கு என்றால் மடித்து வைத்துவிடுங்கள். இந்தப் பெண்ணின் வார்த்தைக்கு என்றால் எழுந்து வந்து போடுங்கள். அண்ணன் எழுகிறார். முதல்வரும் எழுகிறார். போட்டுவிட்டார்! தட்டுங்கள், இப்போது தட்டுங்கள்! படம் எடுக்கும் தம்பி, பின்னாலே இருக்கும் பேனர் படத்திலே விழாமல் எடு.

நான் விடைபெற வேண்டும். வழக்கம்போல எல்லோருக்கும் நன்றி சொன்னால் மறுபடி நெரிசல். ஆகவே இவள் காட்டிய வழியிலே, யாரிடம் பழைய நகல் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் செய்தி.

பேனர் அடித்த சிவனாண்டி, உன்னிடம் இருப்பது பழசு. ‘படைத்த’ என்பதை எடுத்துவிட்டு ‘சோதித்த’ என்று போடு. எழுத்து ஒன்றும் கூடாது, செலவு கூடினால் என்னிடம் வா.

முன்வரிசையிலே வெண்பட்டு உடுத்தி அமர்ந்திருக்கும் ரங்கநாயகி அம்மாள், உங்களிடம் இருப்பதும் பழசு. உங்கள் மகள் சிப் செய்யவில்லை. ஊரே செய்ததாகச் சொன்னபோது, செய்யவில்லை என்று சொன்னாள். ஏன் எழுந்துவிட்டீர்கள் அம்மா? கொஞ்சம் சத்தமாக. என்ன சொல்கிறீர்கள்?

“தெருவுல நானே போயி மாத்திச் சொல்லிக்கிறேன். ஒவ்வொரு வீடா சொல்லிக்கிறேன். நீங்க முடிங்கம்மா, பிள்ள காலைலேருந்து சாப்பிடல.”

முடித்துவிட்டேன், தாயே. வணக்கம்.